ஆடாமல் படுக்கச் சொன்னார்கள்

திருவந்திபுரத்துக்கு ஜனங்கள் மூன்று காரியங்களுக்காகப் போவார்கள். ஒன்று கல்யாணம். மற்றொன்று முடி இறக்குவது. மூன்றாவது பரீட்சை. நல்ல முகூர்த்த நாளில் அந்த ஊருக்குப் போனால், எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று சொந்தக்காரர்களே திண்டாடும்படி அடுத்தடுத்துக் கல்யாணக் கோஷ்டிகள் நிற்கும். தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி என்று ஒரு சிறு குன்று. அதன் மேல் குதிரை முகத்தோடு ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கிறார். கல்விக்குத் தெய்வம். பரீட்சைக் காலம் வந்துவிட்டால் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் பிள்ளைகள் படி ஏறுவதைப் பார்க்கலாம். நானும் ஏறியிருக்கிறேன். அப்படியும் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்கவில்லை என்றால் அது ஹயக்ரீவர் குற்றமல்ல.

அன்று என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள் என் பெரியம்மா. அவளுக்குக் கல்யாணம் நடந்ததும் அதே திருவந்திபுரத்தில்தான். திருப்பாதிரிப்புலியூரில் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்தது அவர். கணக்கு இருந்தது பெரியம்மாவின் தலையில். எந்த வீட்டில் எத்தனை பாக்கி, போன தீபாவளிக்கு யார் எத்தனை படி உளுந்து வாங்கினார்கள் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வரும். நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒத்துப் பார்த்தவர்கள் நோட்டில்தான் பிழை இருக்கிறது என்று கண்டுகொண்டு போவார்கள்.

எழுபத்தைந்து வயதுக்கு மேல் அந்தத் தலையில் ஒரு மறதி வந்து குடியேறியது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பிறகு என்னை என் மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு வருஷம் இப்படியே போன பிறகு, ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் சாதுவான மனிதர். அவசரப்படாமல் கேட்டார். இன்று என்ன கிழமை? இது என்ன மாதம்? இந்த மூன்று வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்கிறேன். 100-இல் 7 போனால் எவ்வளவு?

"தொண்ணூத்தி மூணு" என்றாள் பெரியம்மா.

"அதிலே இன்னொரு ஏழு போனா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். "இது யாரு கணக்கு?" என்று கேட்டாள்.

டாக்டருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பிறகு அவளை எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறைக்கு அழைத்துப் போனார்கள். குழாய் மாதிரி இருந்த அந்த யந்திரத்துக்குள்ளே தலையை விட்டு, "ஆடாமல் படுத்திருங்கள், அம்மா" என்றார்கள். உள்ளே தச்சுப் பட்டறை மாதிரிச் சத்தம். இரண்டு தடவை அவள் தலையைத் தூக்கிப் படத்தைக் கெடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை விழுந்த படத்தை டாக்டர் விளக்கின் எதிரே காட்டினார். மூளையின் மடிப்புகள் விலகியிருந்தன. காதுக்கு உட்புறமாக, ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி சுருங்கியிருந்தது. சொல்ல வேண்டியதை அவர் நிதானமாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துத் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். வீட்டில் தனியே விட முடியாதே என்று பெரியம்மாவையும் அழைத்துப் போனோம். சேஷ தீர்த்தக் கிணற்றில் மிளகும் உப்பும் போடுவது அங்கே வழக்கம். அதற்காகப் பொட்டலம் விற்றவளிடம் ஒன்றை வாங்கி, உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தாள் பெரியம்மா. பிரித்தாள். ஒரு மிளகை எடுத்துக் கடித்தாள். துப்பினாள்.

"பாதி பப்பாளி விதை. இதையா சாமிக்குக் கொடுக்கிறே?" என்றாள்.

பொட்டலக்காரி முகம் போன போக்கைப் பார்த்தால் நிஜம் எது என்று யாருக்கும் விளங்கிவிடும். அதற்கப்புறம் பெரியம்மா குன்றின் படிகளில் ஏறினாள். ஏறும்போதே எண்ணினாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடர்ந்தது. மேலே போனதும், "எழுபத்து நாலு. சரியா இருக்கு" என்றாள். யாரோ திருடிக்கொண்டு போய்விடவில்லை என்று சரிபார்க்க வந்தவள் மாதிரி. கோயில் மணி அடித்தது. கைகள் தாமாகக் குவிந்தன. உதடுகள் வெகுநேரம் அசைந்தன.

கீழே இறங்கி வரும்போது என் பையனைக் காட்டி, "இந்தப் பிள்ளை யாரு?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த மூளை நிஜமா, குன்றில் பார்த்த மூளை நிஜமா? சிதம்பரத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு; பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவர். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீ புதுசாகக் கேட்கவில்லை. கிட்டத்தட்ட 150 வருஷமாக இதே கேள்விதான்" என்றார். அவர் கொடுத்த காகிதங்களையும் புத்தகங்களையும் சில மாதம் படித்தேன். எனக்கு விளங்கியதை எனக்கு விளங்கிய முறையில் சொல்கிறேன். சாஸ்திரம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

கதை இத்தாலியில் தொடங்குகிறது. 1877-ஆம் வருஷம், பெர்ட்டினோ என்ற குடியானவன் தலையில், உயரத்திலிருந்து ஒரு செங்கல் விழுந்தது. ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் மண்டை ஓட்டில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் மூளை துடிப்பது வெளியே தெரிந்தது. டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மொஸ்ஸோ என்று ஓர் உடலியல் ஆசிரியர். அவர் அந்தத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும்படி ஒரு கருவியைப் பொருத்தினார். கையின் நாடித் துடிப்பையும் பக்கத்திலேயே வரைய ஏற்பாடு செய்தார்.

பெர்ட்டினோ சும்மா உட்கார்ந்திருந்தான். கோடு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடித்தது. மூளைக் கோடு மட்டும் சட்டென்று உயர்ந்தது. கையின் கோடு அப்படியே இருந்தது. மொஸ்ஸோ கேட்டார்: "மணி அடித்ததும் ஜெபம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாயா?" ஆமாம் என்றான் அவன். பிறகு, 8-ஐ 12-ஆல் பெருக்கச் சொன்னார். கேள்வி காதில் விழுந்தபோது ஒரு தடவை, விடை சொல்லும்போது ஒரு தடவை, கோடு மேலே போயிற்று.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பெருக்கல் கணக்கு ஆராய்ச்சிக்காரர் கொடுத்தது. மணியை யாரும் கொடுக்கவில்லை. அது ஊரிலிருந்து ஜன்னல் வழியாக வந்தது. மனித எண்ணத்தின் தடத்தைக் காகிதத்தில் பார்த்த ஆதிகாலத்துச் சோதனைகளில் ஒன்றிலேயே இரண்டு வழிகளும் அருகருகே நிற்கின்றன: சோதனைச் சாலையின் கணக்கும், ஊரின் மணியும்.

மொஸ்ஸோ அத்தோடு நிற்கவில்லை. 1880-களில், தலையில் ஓட்டை இல்லாதவர்களுக்காக ஒரு தராசு செய்தார். ஆளைப் படுக்க வைக்கிற மரக் கட்டில், நடுவில் முள். யோசிக்கும்போது தலைக்கு ரத்தம் அதிகமாகப் போகும். தலைப்பக்கம் தாழும் என்பது யுக்தி. பத்திரிகை படித்தால் கொஞ்சம் தாழ்ந்ததாம். தத்துவப் புத்தகம் படித்தால் அதிகம் தாழ்ந்ததாம். நாவல் படித்தால் எவ்வளவு தாழ்ந்தது என்று நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இதிலும் ஒரு நிபந்தனை: ஆள் அசையக்கூடாது. மூச்சைக்கூட மெல்ல விடவேண்டும். மூளையைப் பார்க்க வேண்டுமானால் ஆளைப் படுக்கப் போடு, ஆடாமல் இருக்கச் சொல் என்ற வழக்கம் இப்படி ஆரம்பமாயிற்று.

அடுத்தவர் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர். இவர் கதையிலும் ஒரு குதிரை வருகிறது. இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் அகப்படாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தம்பி அல்லது அண்ணனுக்கு ஆபத்து என்று வீட்டில் இருந்த பெண்ணுக்குத் தோன்றுவது நம் கதைகளிலும் உண்டல்லவா? பெர்கரின் சகோதரிக்கு அப்படித்தான் தோன்றியதாம். மனத்திலிருந்து மனத்துக்குப் போகிற அந்தச் சக்தியைப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் பாடுபட்டார். அந்தச் சக்தி அகப்படவில்லை. 1924-இல் மனிதத் தலையிலிருந்து மின்சார அலைகள்தாம் அகப்பட்டன. ஐந்து வருஷம் தயங்கி 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா இருந்தால் விநாடிக்குப் பத்துத் தடவை ஓடுகிற ஓர் அலை. கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போட்டாலோ அது மறைந்துவிடும். இன்று இ.இ.ஜி. என்று ஆஸ்பத்திரிகளில் எடுப்பது இதன் சந்ததிதான்.

இந்தக் கருவி காலத்தை மிக நுட்பமாகச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்கிறவனுக்குக் கெட்டி மேளம் எப்போது கொட்டியது என்று துல்லியமாகத் தெரியும். உள்ளே யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது தெரியுமா? அந்த மாதிரி. இன்னொரு தொல்லை: பல்லைக் கடித்தால், கண்ணைச் சிமிட்டினால், அந்தத் தசைகளின் மின்சாரம் மூளையின் மெல்லிய அலையை மூழ்கடித்துவிடும். ஆகவே இங்கேயும் அதே கட்டளை: ஆடாதே.

*

நம் நாட்டுக்கு இந்த யந்திரங்கள் வந்த விதம் ஸ்வாரஸ்யமானது. இங்கே ஆளை யந்திரத்திடம் கூப்பிடுவதற்குப் பதில், யந்திரத்தை ஆளிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏனென்றால் அவர்கள் பார்க்க விரும்பியவர்கள் யோகிகள். யோகியைக் கடிதம் போட்டு வரவழைக்க முடியுமா?

1935-இல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் அம்மாள், இருதயத் துடிப்பை வரையும் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். 1957-இல் வெங்கர் என்ற அமெரிக்கரும், அமெரிக்காவில் வேலை பார்த்த பாக்சி என்ற வங்காளியும், எடுத்துச் செல்லக்கூடிய இ.இ.ஜி. கருவியோடு ஊர் ஊராகப் போனார்கள். இருதயத்தையே நிறுத்திவிடுவோம் என்று சொன்ன சிலரையும் சோதித்தார்கள். மணிக்கட்டில் நாடி காணாமல் போயிற்று. ஆனால் கருவியில் இருதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தசைகளை இறுக்கி ரத்தம் திரும்புவதைத் தடுத்ததில் நாடி மறைந்ததே தவிர இருதயம் நிற்கவில்லை என்று 1961-இல் எழுதினார்கள். நம்பினவர்களுக்கும் ஏமாற்றம், கேலி செய்தவர்களுக்கும் ஏமாற்றம்.

அதே 1961-இல் டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இரண்டு யோகிகள் 4 டிகிரிக் குளிர் நீரில் 45 முதல் 55 நிமிஷம் வரை கையை வைத்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் பெர்கர் கண்ட அந்த ஓய்வு அலை கலையவில்லை. வேறு இருவருக்குத் தியானத்தில் இருந்தபோது பலத்த சத்தம், வெளிச்சம், சூடு எல்லாம் காட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அலை கலையவில்லை. அவர்கள் சோதித்தது ஒரு சிலரைத்தான். அதை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்கு வந்துவிட முடியாது. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். ஆடாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்டவர்களாகப் பார்த்துத்தான் கருவி தேடிப் போயிற்று. மிளகுப் பொட்டலம் பிரிக்கிறவளை அன்று யாரும் தேடிப் போகவில்லை. போயிருந்தாலும் அந்தக் கருவியால் ஒன்றும் பார்த்திருக்க முடியாது.

*

பிறகு வந்தது என் பெரியம்மாவை விழுங்கிய அந்தக் குழாய். காந்தத்தைக் கொண்டு உடம்பின் உள்ளே படம் எடுக்கும் வித்தையை 1973-இல் லாட்டர்பர் என்பவர் காட்டினார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எண்ணத்தைப் படம் பிடிக்கும் கதவைத் திறந்தவர் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா. பிராணவாயு உள்ள ரத்தமும், அதை இழந்த ரத்தமும் காந்தத்துக்கு வெவ்வேறாகத் தெரிகின்றன என்பதை 1990-இல் பயன்படுத்திக் காட்டினார். மூளையில் வேலை நடக்கிற இடத்துக்குப் புது ரத்தம் பாய்கிறது. படத்தில் அந்த இடம் சற்றுத் துலங்குகிறது. மொஸ்ஸோவின் தராசு சொன்னதும் இதைத்தான். தராசுக்குத் தலைப்பக்கம், கால்பக்கம் என்று இரண்டே இடங்கள் தெரிந்தன. ஒகாவாவின் முறைக்கு 3 மில்லிமீட்டர் கட்டங்களாகத் தெரிந்தது. இன்று வலிய காந்தங்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தெரிகிறது.

விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. சாதாரண ஆஸ்பத்திரிக் காந்தங்களில் வலியதே பூமியின் காந்த பலத்தைப் போலச் சுமார் 60,000 மடங்கு. அதன் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்தைக்கூடக் கொண்டுபோக முடியாது. ரத்தம் வந்து சேர்ந்து நிரம்ப 5, 6 விநாடி ஆகிறது. எண்ணமோ அதற்குள் எங்கேயோ போய்விடுகிறது. ஒரு கட்டத்துக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன. தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அத்தனை பாடும் வீண். படம் எவ்வளவுக்கெவ்வளவு கூர்மையோ, ஆள் அவ்வளவுக்கவ்வளவு அசையாமல் கிடக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் கடைசி எல்லை நம் சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் என்று 2022-இல் திறந்தார்கள். கர்ப்பத்திலேயே மறைந்த சிசுக்களின் மூளைகளை இழை இழையாகச் சீவி, ஒவ்வோர் அணுவும் தெரியும்படி படம் எடுத்து, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் உலகுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்து மூளைகள், 5,132 படங்கள். இவ்வளவு நுணுக்கமாக முன்பு யாரும் செய்ததில்லை என்கிறார்கள். அந்தப் படங்களைக் கணிப்பொறியில் பார்த்தேன். நெல் வயலை ஆகாயத்திலிருந்து பார்ப்பது போல் இருந்தது. மூளை எப்படி உருவாகிறது, எங்கே பிசகுகிறது என்று அறிய இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. ஆனால் அந்தத் தலைகள் எந்த மணியோசைக்கும் இனித் துடிக்கப் போவதில்லை. முழுக் கூர்மை கிடைத்த இடத்தில் அசைவு முற்றிலும் நின்றுவிட்டது.

*

சும்மா இருப்பார்களா மனிதர்கள்? குழாயை விட்டு வெளியே வர முடியாவிட்டால், வெளி உலகத்தைக் குழாய்க்குள்ளே கொண்டுபோவோம் என்று ஆரம்பித்தார்கள்.

லண்டனில் டாக்சி ஓட்ட அனுமதி வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்யவேண்டும். அப்படிப்பட்ட 16 டிரைவர்களின் மூளையை மக்வயர் என்ற அம்மாளும் அவர் கூட்டாளிகளும் படம் எடுத்து, 2000-இல் வெளியிட்டார்கள். ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதி (என் பெரியம்மாவுக்குச் சுருங்கியிருந்ததாகச் சொன்னார்களே, அதே பகுதிதான்) அவர்களுக்குப் பின்புறத்தில் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்ததால் டிரைவர் ஆனார்களா, டிரைவர் ஆனதால் பெரிதாயிற்றா? 2011-இல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். பாடம் படித்துத் தேறியவர்களுக்கு அது வளர்ந்திருந்தது.

2016-இல் இதே மாதிரி ஒன்று நம் பக்கத்துச் செய்தியாக வந்தது. சிறு வயது முதல் யஜுர் வேதத்தை வாய்மொழியாகவே கற்று ஒப்பிக்கிற 21 பண்டிதர்களை, டில்லிக்கு அருகே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் குழாய்க்குள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மூளையின் பல பகுதிகளில், முக்கியமாக வலப்பக்க ஹிப்போகாம்பஸில், சாம்பல் திசு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் முதலானோர் செய்த ஆராய்ச்சி இது. இதைச் சிலர் பெருமையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் டிரைவர்களுக்குச் செய்த மாதிரி முன்னும் பின்னும் பார்க்காததால், மனப்பாடம் மூளையை வளர்த்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தாம் கடைசிவரை தாக்குப் பிடித்தார்களா என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஏடுகள் அரிதாக இருந்த காலத்தில் வேதாந்த தேசிகர் திருவந்திபுரத்தில் பல ஆண்டுகள் தங்கித் தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் பாடினார். அப்படிப்பட்டவர் தலைக்குள் எத்தனை நூல்கள் இருந்திருக்கும் என்று அந்தக் குன்றில் நின்றபோது நினைத்துக்கொண்டேன். அதற்குப் படம் கிடையாது.

என் தொழிலை ஒட்டிய சோதனைகள் இரண்டு உண்டு. 2004-இல் இஸ்ரேலில் ஹாசன் என்பவரும் மற்றவர்களும் ஐந்து பேரை ஒவ்வொருவராகக் குழாய்க்குள் படுக்க வைத்து, குதிரையும் துப்பாக்கியுமாக ஓடுகிற 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தை அரைமணி நேரம் காட்டினார்கள். எதையும் எண்ணு, பெருக்கு என்று சொல்லவில்லை. படத்தைப் பார் என்றார்கள். ஐவர் மூளைகளிலும் கணிசமான பகுதி ஒன்றுபோல ஏறி இறங்கியது. கொட்டகையில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சைப் பிடிக்கிறோமே, அது வெறும் பிரமை அல்ல.

இரண்டாவது, 2010-இல் வந்தது. ஒரு பெண் குழாய்க்குள் படுத்து, தன் பள்ளிக்கூட நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைத் தயார் செய்துகொள்ளாமல் பேச்சு வாக்கில் கதையாகச் சொன்னாள். அந்த ஒலியைப் பிறகு 11 பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் மூளை, சொன்னவள் மூளையைச் சற்றுப் பின்தங்கித் தொடர்ந்தது. ஆனால் சில இடங்களில் கேட்கிறவர் மூளை முந்திக்கொண்டது. அடுத்து இன்னது வரும் என்று எதிர்பார்த்தது. அப்படி அதிகம் முந்தியவர்களே கதையை அதிகம் புரிந்துகொண்டிருந்தார்கள். புரியாத பாஷையில் சொன்ன கதைக்கு இந்தத் தொடர்பே இல்லை. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று வாசகர்கள் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்களே என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. இனிமேல் அலுத்துக்கொள்ள மாட்டேன்.

*

இருந்தாலும் குழாய் குழாய்தான். படுத்துக்கொண்டு கதை கேட்கலாம். படுத்துக்கொண்டு மிளகு பொறுக்க முடியாது. கருவியை வெளியே கொண்டுவரும் முயற்சி இந்த நூற்றாண்டில் மறுபடியும் வலுத்திருக்கிறது. இ.இ.ஜி. கருவி தலையில் மாட்டுகிற பட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு தாரா தியாகராஜனின் குழுவினர் தமிழ்நாட்டில் சிற்றூர் முதல் பெருநகரம் வரை 48 ஊர்களுக்குப் போய், 402 பேரின் மூளை அலைகளைப் பதிந்து 2017-இல் வெளியிட்டார்கள். வருமானம், படிப்பு, ஊரை விட்டு எவ்வளவு தூரம் போய்வருகிறார்கள் என்பதற்கேற்ப அலைகள் வேறுபட்டன. பெர்கர் கண்ட அந்த ஓய்வு அலை எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. மேல்நாட்டுக் கல்லூரி மாணவர்களை வைத்து 'மனித மூளை இப்படி' என்று எழுதி வைத்ததில் எத்தனை பங்கு மனிதனைப் பற்றியது, எத்தனை பங்கு கல்லூரி மாணவனைப் பற்றியது என்ற சந்தேகம் இதனால் எழுகிறது. நியாயமான சந்தேகம்.

இடத்தையும் கூர்மையாகக் காட்ட வேண்டுமானால் வேறு உபாயம் வேண்டும். ஒன்று, வெளிச்சம். இருட்டில் கை விளக்கை உள்ளங்கையில் வைத்து மூடினால் விரல்கள் சிவப்பாகத் தெரியும் அல்லவா? அந்தச் சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒளி எலும்பையும் கடந்து போகும். 1977-இல் யோப்சிஸ் என்பவர் இதைக் காட்டினார். குல்லாய் நிறைய நெருக்கமாக விளக்குகளையும் ஒளி உணரிகளையும் பதித்து, 2014-இல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தார் குழாயின் படத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான படம் எடுத்தார்கள். சத்தம் இல்லை, காந்தம் இல்லை. ஆனால் மூளையின் மேல்பரப்புதான் தெரியும். ஞாபகம் குடியிருக்கும் ஆழத்துக்கு ஒளி போகாது.

மற்றொன்று, மூளையின் சொந்தக் காந்தம். பூமியின் காந்தத்தில் அது பல கோடியில் ஒரு பங்கு. அதை அளக்க முன்பெல்லாம் பனிக்கட்டியைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குளிர்ந்த திரவத்தில் முக்கிய ஒரு பெரிய அண்டாவுக்குக் கீழே தலையை வைத்து உட்கார வேண்டும். 2018-இல் இங்கிலாந்தில் அந்தக் குளிர்ச்சி வேண்டாத சிறு உணரிகளைத் தலைக்கவசமாகச் செய்து மாட்டினார்கள். மாட்டிக்கொண்டவர்கள் தலையை ஆட்டினார்கள், சோம்பல் முறித்தார்கள், குடித்தார்கள், பந்து அடித்தார்கள். கருவி தன் பாட்டுக்குப் பதிந்தது. வெளிக் காந்தம் புகாத உலோக அறைக்குள்தான் இது நடந்தது. அந்த அறையைத் தூக்கிக்கொண்டு குன்று ஏற முடியாது. ஆனாலும், மொஸ்ஸோ காலத்திலிருந்து கேட்டுவந்த 'ஆடாதே' என்ற கட்டளை அந்த அறையில் தளர்ந்துவிட்டது.

*

இவ்வளவும் படித்துவிட்டுச் சிநேகிதரிடம் திரும்பப் போனேன். "எது நிஜம்? ஆஸ்பத்திரியா, குன்றா?" என்றேன்.

"இரண்டும்தான்" என்றார் அவர். "படி எண்ணுவது சுலபம், ஏழு ஏழாகக் கழிப்பது கஷ்டம். பழகிய வேலை கடைசியில்தான் போகும். உன் பெரியம்மாவுக்கு வியாதியே இல்லை என்று நினைத்துவிடாதே. டாக்டர் போனது எவ்வளவு என்று அளந்தார். அது அவர் வேலை. இருப்பது எவ்வளவு என்று அளக்க, அது இருக்கிற இடத்துக்குப் போகவேண்டும். அதற்குத்தான் இந்தக் கருவிகள் நடை பழகிக்கொண்டிருக்கின்றன."

கருவிகள் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன். இப்போது பெரியம்மாவிடம் யாரும் கிழமை கேட்பதில்லை. பருப்பும் அரிசியும் முறத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள், கல் பொறுக்குகிறாள். மிளகாய் வாங்கினால் அவளிடம் காட்டிவிட்டுத்தான் டப்பாவில் போடுகிறார்கள். வியாதி நின்றுவிடவில்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் குறைவாகத்தான் பேசுகிறாள்.

சென்ற வாரம் போயிருந்தேன். கடைத்தெருவில் ஒரு கிலோ சர்க்கரை கட்டி வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். யார் என்று தெரியவில்லை. பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை அசைத்தாள்.

"எந்தக் கடையிலே வாங்கினே, தம்பி? குறையுது" என்றாள்.

பரண் மேல் கிடந்த பழைய கடைத் தராசை இறக்கி நிறுத்துப் பார்த்தோம். 50 கிராம் குறைந்தது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, அவர் எழுதி வைத்திருக்கிற காகிதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.